நான் செய்த பெட்டியும் நீ கேட்ட பெட்டியும்

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை தொலைபேசியில் நீ ஒரு சின்னக் கேள்விதான் கேட்டாய். "அப்பா, வேலைக்குப் போற வழியில ஒரு மியூசிக் கடை இருக்கு. பழைய கிற்றார் ஒண்டு எடுத்திட்டன். எபெக்ற் பெட்டியும் ஒண்டு வேணும். கையில பெரிசாக் காசில்லை, மலிவா என்னத்த எடுக்கலாம்?" என்றாய். நான் "பிறகு எழுதுறன், பிள்ளை" என்று சொல்லிவிட்டு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் சரியில்லை என்று அம்மா நினைத்தாள். லைன் நன்றாகத்தான் இருந்தது. மெல்போர்னில் உன் பின்னால் ட்ராம் போகும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. எனக்குத்தான் வாய் வரவில்லை. எட்டு மாதத்துக்கு மேலாக நீ தொடாமல் வைத்திருந்த ஒன்றைத் திரும்ப எடுத்திருக்கிறாய், அதற்கு என்னிடமே யோசனை கேட்கிறாய். யோசனை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று மூன்று நாளாக யோசித்துவிட்டு, இன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் எல்லாம் நீ விட்டுப் போனபடிதான். முன் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறோம். கடல் இரண்டு நிமிட நடையில் இருக்கிறது, ஆனால் ரயில் பாதைக்கு அப்பால் போய் நிற்பவர்களை இப்போதெல்லாம் விசாரிக்கிறார்கள் என்பதால் நானும் அம்மாவும் போவதில்லை. போன வாரம் பொலிஸில் இருந்து மறுபடியும், வீட்டில் யார் யார் என்று எழுதும் பதிவுப் படிவம் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன் பெயருக்கு நேரே 'வெளிநாடு' என்று எழுதும்போது அம்மாவின் முகத்தில் எனக்குத் தெரிந்தது துக்கமில்லை, நிம்மதி. இந்த வீட்டில் இருந்து ஒருத்தியாவது வெளியே போய்விட்டாள் என்ற நிம்மதி. அதை உன்னிடம் அவள் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் கனடாவுக்குப் போகும் ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது நாம் மூன்று பேரும் போனோமே. அம்மா கண்ணாடி அலுமாரியைப் பார்க்கப் போனாள். நீ சுவரோடு சாய்த்து வைத்திருந்த கறுப்புக் கிற்றாரைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றாய். இருபத்திமூன்று வயது, கப்பல் கொம்பனியில் வேலை, சொந்தச் சம்பளம். "வாங்கட்டா அப்பா?" என்று கேட்டது மரியாதைக்குத்தான், ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாய். மின்சாரக் கிற்றார், ஆனால் அம்பிளிபயர் இல்லை. அம்பிளிபயர் வாங்கவும் முடியாது. எங்கள் மாடிக் கட்டடத்தில் எட்டு வீடு. நாம் குடிவந்த நாளே வீட்டுக்காரர் சொன்னார்: "சத்தம் போடாமல் இருந்தால் சரி. ஒரு கொம்ப்ளெய்ன்ற் வந்தால் பொலிஸ்காரங்கள் எட்டு வீட்டையும்தான் செக் பண்ணுவாங்கள்." அதனால் மாலையில் நீ உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எதிலும் செருகாத கிற்றாரை வாசிப்பாய். வெளியில் நிற்கும் எனக்கு நுளம்பு பறக்கும் அளவுக்குத்தான் கேட்கும்.

கிற்றாரின் சத்தத்தை மாற்றும் எபெக்ற் பெட்டிக்கு நீ அப்போது சும்மா ஆசைப்படவில்லை. இன்ரநெற் கடையில் உட்கார்ந்து படித்து, உன் அலுவலகக் குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாய். நான் அதைப் பார்த்தேன். 'பல சத்தமும் ஒரே பெட்டியில். ஹெட்போன் குத்தும் துளை கட்டாயம். தாளம் உள்ளே இருந்தால் நல்லது. கிற்றார் சுருதி பார்க்கும் வசதி.' கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருந்த கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அங்கே நின்றவர் ஒரு முஸ்லிம் மனிதர், பொறுமையானவர். நீ கேட்ட பெட்டியை எடுத்துக் கிற்றாரில் மாட்டி, ஹெட்போனை உன்னிடம் தந்து, "தங்கச்சி, காதுல போட்டு அடிச்சுப் பாருங்க. வெளிய ஒருத்தருக்கும் கேக்காது" என்றார். நீ போட்டுக்கொண்டு வாசித்தாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பெரிய மைதானத்தில் தனியாக நிற்பவளைப்போல இருந்தாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது விளையாட்டுச் சாமான், பிள்ளை. நூறு சத்தம் இருக்கு, ஒண்டும் உருப்படியில்லை. கிற்றாருக்கு ஒரே ஒரு நல்ல டிஸ்டோர்ஷன் பெட்டி போதும். நான் மலிவாச் செய்து தாறன்."

முப்பது வருடமாக அலுவலகங்களுக்கு இன்ரர்கொம் பூட்டுகிறவன் நான். சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாததைக் கடைக்காரன் விற்பதா என்ற திமிர். மலிவு என்று நான் சொன்னதும் பாதிப் பொய். உன் காசை மிச்சம் பிடிப்பது போலக் காட்டிக்கொண்டு, உன் சந்தோஷத்தில் என் கையும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ ஹெட்போனைக் கழற்றி அந்த மனிதரிடம் கொடுத்துவிட்டு "சரி அப்பா" என்றாய். அந்தச் 'சரி'யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் எத்தனை வகையாகச் 'சரி' சொல்வார்கள் என்று தெரியாதவன் தகப்பனாக இருந்து என்ன பயன்?

இரண்டு வாரத்தில் செய்து முடித்தேன். அலுமினியப் பெட்டி ஒன்றில் துளை போட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று திருகு, மிதிக்க ஒரு சுவிட்ச், உள்ளே ஒன்பது வோல்ற் பற்றரி, மேலே ஒரு சிவப்பு வெளிச்சம். தந்தியின் சத்தத்தை எடுத்துத் தாங்கமுடியாத அளவுக்குப் பெருப்பித்து, பிறகு அதன் உச்சியையும் அடியையும் வெட்டிவிடுகிற வேலைதான் அதற்கு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல் மாதிரி வரும். நன்றாகத்தான் செய்திருந்தேன். ஆனால் அதைக் கேட்க அம்பிளிபயர் வேண்டும், ஹெட்போன் மாட்ட வழியில்லை. சாத்திய அறைக்குள் இருந்து வாசிக்கிறவளுக்கு, சாத்திய அறைக்குள் வேலை செய்யாத ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தேன். உன்னோடு வேலை செய்த டிலினியின் வீட்டில், கல்கிசையில், அவளுடைய அண்ணனின் அம்பிளிபயர் இருந்தது. அவள் பாடுவாள், நீ வாசிப்பாய். சனிக்கிழமை தோறும் கிற்றாரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறத் தொடங்கினாய். நீ கேட்ட பெட்டியை வாங்கியிருந்தால் உனக்கு வீட்டைவிட்டு எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தேவையே இருந்திராது.

அந்தச் சனிக்கிழமை நானும் வந்ததற்குக் காரணம் அம்மா. நகரத்தில் எங்கோ குண்டு வெடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. "தனியப் போக வேண்டாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ" என்றாள். டிலினியின் வீட்டு விறாந்தையில் நான் தேநீர் குடித்துக்கொண்டு பத்திரிகை பார்த்தேன். உள்ளே நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பழகினீர்கள். இன்னும் சரியாக வரவில்லை, கேட்க வேண்டாம் என்றாய், நானும் காது கொடுக்கவில்லை. பிற்பகல் மூன்று மணி இருக்கும், திரும்பி வரும்போது பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வெயில். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். பெண் பொலிஸ் உன் பையைத் திறந்தாள். பெட்டியை எடுத்தாள், திருப்பினாள். வயர் இரண்டு தொங்கியது. உள்ளே பற்றரி ஆடும் சத்தம் கேட்டது. அவள் அதை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனாள். வரிசை முழுவதும் பின்னால் போனது.

"மே மொகக்த?" என்று ஓடிவந்த எஸ்.ஐ. கேட்டார். இது என்ன என்று. நீ நல்ல சிங்களத்தில், குரல் நடுங்காமல், கிற்றாரின் சத்தத்தை மாற்றும் பெட்டி என்று சொன்னாய். அவர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். பெயர் இல்லை, எழுத்து இல்லை, எந்த நாட்டில் செய்தது என்று இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். "நீ தகப்பனா? இது என்ன, யார் செய்தது?" என்றார்.

மகளே, என் கருவிப் பைக்குள் எப்போதும் கொம்பனிக் கடிதம் ஒன்று இருக்கும். இந்த மனிதர் இன்ரர்கொம் பூட்டுபவர், இவரிடம் உள்ள வயரும் கருவியும் தொழிலுக்கானவை என்று சிங்களத்தில் அச்சடித்து, முத்திரை குத்திய கடிதம். அது இல்லாமல் நான் பெட்டிக்கடைக்குக்கூட அந்தப் பையோடு போகமாட்டேன். ஒரு தமிழனின் கையில் பற்றரியும் வயரும் சுவிட்சும் சேர்ந்தால் அது என்னவாகத் தெரியும் என்று கொழும்பில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவன்? அப்படித் தெரிந்தவன், உனக்கு மட்டும் கடிதமில்லாத, பெயரில்லாத ஒரு பெட்டியைச் செய்து தோளில் மாட்டி அனுப்பினேன். கடையில் வாங்கிய பெட்டியாக இருந்தால் மேலே பெயர் இருந்திருக்கும், பையில் பில் இருந்திருக்கும். அவ்வளவும் அந்த ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. பெட்டி செய்யத் தெரிந்தவன் நான்தான் என்று சொன்னால் என்னைத்தான் கொண்டுபோவார்கள் என்பதும் ஓடியது.

"தன்னே நே, சேர்" என்றேன். தெரியாது, சேர்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமில்லை. ஏதோ கணக்குப் போட்டு முடித்ததுபோல ஒரு பார்வை. பிறகு அவரிடம் "மமய் ஹெதுவே" என்றாய். நான்தான் செய்தேன். உன்னை ஜீப்பில் ஏற்றினார்கள். என்னை அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் போனேன். அடுத்த பஸ்ஸில் ஏறி, டிக்கெற் எடுத்து, உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் "பிள்ளையைப் பிடிச்சிட்டாங்கள்" என்றுதான் சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அந்த இரண்டு நாளையும் பற்றி நீ எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வெளியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஓடித்திரிந்தது டிலினி. உன் மனேஜரிடம் கடிதம் வாங்கியவள் அவள். பொலிஸ் நிலையத்துக்குப் போய் "அவ என்னோட வாசிக்கிறவ, வேணுமெண்டா கேட்டுப் பாருங்கோ" என்று சிங்களத்தில் சண்டை பிடித்தவளும் அவள்தான். "அப்படியென்றால் எல்லாவற்றையும் கொண்டு வா, எங்கள் முன்னால் வாசித்துக் காட்டட்டும்" என்றாராம் எஸ்.ஐ. மூன்றாம் நாள் பகல் டிலினியும் அண்ணனும் அம்பிளிபயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் என் கருவிப் பையோடு போனேன். உன்னைக் கொண்டுவந்து ஒரு வாங்கில் இருத்தினார்கள். அதே சட்டை. தலைமுடியை மட்டும் எதாலோ இறுக்கிக் கட்டியிருந்தாய்.

மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. சோதித்தவர்கள் உள்ளே இருந்த வயர்களைப் பிடுங்கியிருந்தார்கள். எஸ்.ஐ. உன்னைப் பார்த்து "நீதானே செய்தாய்? பொருத்து" என்றார். நான் என் பையில் இருந்து, ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டரிங் அயனை எடுத்துக் கொடுத்தேன். நீ அதை வாங்கினாய். வாழ்க்கையில் நீ அதைத் தொட்டதில்லை. எந்தப் பக்கம் சுடும் என்றுகூட உனக்குத் தெரியாது. நுனியோடு சேர்த்துப் பிடிக்கப் போனாய். அப்போதுதான், மகளே, அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "மமய் ஹெதுவே, சேர்" என்றேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியென்றால் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்லியிருக்கிறீர்கள். யார்?" என்றார். "நான்" என்றேன். அறைந்தார். ஒரு அறைதான். எனக்கு அது வலித்ததைவிட நீ கண்ணை மூடிக்கொண்டதுதான் வலித்தது.

நின்றபடியே வயர்களைப் பொருத்தினேன். ஈயம் மேசையில் சொட்டியது. சிவப்பு வெளிச்சம் வந்தது. "இப்போது வாசி" என்றார் உன்னிடம். நீ கிற்றாரைத் தொடவில்லை. "வாசிக்க மாட்டன்" என்று தமிழில் சொன்னாய், பிறகு அதையே சிங்களத்தில் சொன்னாய். டிலினி உன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வாசிப்பை மட்டுமாவது அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று நீ முடிவு செய்திருந்தாய் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. பயத்தில் கிற்றாரை நானே எடுத்து மடியில் போட்டு, பெட்டியை நிலத்தில் வைத்து மிதித்து, ஆறு தந்தியையும் சேர்த்து ஒரே இழுவையாக இழுத்தேன். அந்த நிலையத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. ரைப் அடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். மூலையில் ஒரு கான்ஸ்ரபிள் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எஸ்.ஐ. காதைப் பொத்திக்கொண்டு "எத்தி, எத்தி" என்றார், போதும் போதும் என்று.

சாயங்காலம் விட்டார்கள். பெட்டியை வைத்துக்கொண்டார்கள். உன் பெயரைப் புத்தகத்தில் எழுதி, திங்கட்கிழமை தோறும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், கேட்காமல் கொழும்பை விட்டுப் போகக்கூடாது என்றார்கள். ஆட்டோவில் வரும்போது நீ ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாய். "ரியூன் பண்ணாமல் அடிச்சிட்டீங்கள், அப்பா." சிரிக்கச் சொன்னாயா, குத்தச் சொன்னாயா என்று இன்றும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கிற்றாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். அதற்குப் பிறகு அந்த நுளம்புச் சத்தமும் இல்லை.

எட்டு மாதம். வேலைக்குப் போனாய், வந்தாய், திங்கட்கிழமைகளில் கையெழுத்து வைத்தாய். நான் எதிரே இருந்த மருந்துக்கடை நிழலில் நின்றேன். உள்ளே வர எனக்கு அனுமதி இல்லை என்று உன்னிடம் சொல்லியிருந்தேன், அதுவும் பொய்தான். மெல்போர்ன் வேலைக்கான கடிதம் வந்தபோது பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு அந்த நிலையத்தில் இருந்து அறிக்கை போக வேண்டும். அறிக்கை போகவில்லை. மூன்று முறை கேட்டாய், மேசை லாச்சியில் இருக்கிறது என்றார்கள். மெல்போர்ன் கொம்பனி தந்த தவணை முடிய ஒரு மாதம்கூட இல்லை. நீ ஜன்னல் பக்கம் கதிரையைப் போட்டு, சாத்திய ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். நான் போய் ஜன்னலைத் திறந்தால், "வேண்டாம் அப்பா, சாத்துங்கோ" என்பாய்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். நான் திறந்தேன். சாரமும் ரீ-ஷேர்ட்டும் போட்டுக்கொண்டு அந்த எஸ்.ஐ. நின்றார், தனியாக, கையில் பேப்பர் பையோடு. உள்ளே வந்து உட்கார்ந்து பையில் இருந்து எடுத்தது நான் செய்த பெட்டி. "அங்கிள், வெட நே" என்றார். வேலை செய்யவில்லை. தன் தம்பி கிற்றார் பழகுகிறான், அவனுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தது, நல்ல சத்தம், ஆனால் இரண்டு நாளில் செத்துப்போகிறது என்றார். அவருக்கு வெட்கமும் இல்லை, மிரட்டலும் இல்லை. பழுது பார்ப்பவன் வீட்டுக்குப் பழுதைக் கொண்டுவந்த ஆள், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமல்லவா? "உடனே பார்க்கிறேன் சேர், காசெல்லாம் வேண்டாம் சேர், வேண்டுமென்றால் இன்னும் நல்லதாக ஒன்று செய்து தருகிறேன் சேர்" என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

நீ அறையில் இருந்து வந்தாய். பெட்டியை என் கையில் இருந்து எடுத்தாய். "உங்கள் தம்பி வாசித்து முடிந்ததும் கிற்றார் வயரைப் பெட்டியில் இருந்து கழற்றுகிறாரா?" என்று சிங்களத்தில் கேட்டாய். "இல்லை, அப்படியே விட்டுவிடுவான்" என்றார். "அதுதான். வயர் குத்தியிருக்கும் வரைக்கும் பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியில் பழுதில்லை" என்றாய். என் கருவிப் பையில் கிடந்த மீற்றரைத் திறந்து, அதில் இருந்த பற்றரியைக் கழற்றிப் பெட்டியில் போட்டாய். சிவப்பு வெளிச்சம் வந்தது. அவர் கை நீட்டினார். நீ பெட்டியைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு, "சேர், என்னுடைய பெயர் உங்கள் புத்தகத்தில் எட்டு மாதமாக இருக்கிறது. என்னுடைய அறிக்கை உங்கள் லாச்சியில் இருக்கிறது. இந்தப் பெட்டி என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும்" என்றாய்.

"பிள்ளை, வாயை மூடு!" என்று நான் கத்தினேன். தமிழில். அவர் முன்னால். நீ என் பக்கம் திரும்பாமலே, "அப்பா, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றாய். அம்மா தேநீர்த் தட்டோடு நடு அறையில் நின்றாள். மேசையில் வைக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அவரே எழுந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். குடித்து முடித்தார். பிறகு, "மூன்று திருகும் எதற்கு என்று தம்பிக்கு விளங்கவில்லை. எழுதித் தருவாயா?" என்று கேட்டார். நீ ஒரு தாள் முழுக்கச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தாய். எதை எவ்வளவு திருப்ப வேண்டும், தொடக்கத்தில் எதைக் குறைத்து வைக்க வேண்டும், எல்லாம். பெட்டியையும் தாளையும் சேர்த்துக் கொடுத்தாய். வாசலில் அவர், "திங்கட்கிழமை வந்து சைன் பண்ணு" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு நான் உன்னை ஏசினேன், இருந்ததையும் கெடுத்துவிட்டாய் என்று. திங்கட்கிழமை நீ போனபோது புத்தகத்தில் உன் பெயரைக் கோடு போட்டு வெட்டியிருந்தார்கள். அறிக்கையும் அந்தக் கிழமையே போனது. அது நல்ல மனமா, ஒன்றுக்கு ஒன்று என்ற வியாபாரமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். நீ யோசிக்கவில்லை. பயணப் பெட்டி அடுக்கத் தொடங்கினாய். கிற்றாரை டிலினியிடம் கொடுத்தாய்.

இதுதான் உன் கேள்விக்குப் பதில் சொல்ல வரும் ஆளின் தகுதி. இதை வைத்துக்கொண்டு கேள். கடையில் நீ முதலில் எழுதிவைத்திருந்தபடியே எடு. உன் குறிப்புப் புத்தகம்தான் சரி, நான்தான் பிழை. பல சத்தமும் உள்ள சின்னப் பெட்டி, ஹெட்போன் துளையோடு. நூறு சத்தம் இருக்கும், அதில் எழுபது குப்பை. முதல் ஆறு மாதத்துக்கு மூன்றே மூன்றை எடுத்துக்கொண்டு அதோடு இரு, மற்றதெல்லாம் வாசிக்காமல் திருகிக்கொண்டிருக்கத்தான் உதவும். சுருதி பார்க்கும் வசதி உள்ளதா என்று பார், சுருதி சேராத கிற்றாருக்கு எந்தப் பெட்டியும் உதவாது, நான் அடித்துக் காட்டியிருக்கிறேன். பழையதை எடுப்பதில் வெட்கமில்லை. ஆனால் ஒவ்வொரு திருகையும் திருகிப் பார், கரகரவென்று இரைந்தால் வேண்டாம். பற்றரியை நம்பாதே, அதற்கென்று உள்ள, சுவரில் குத்தும் அடப்ரரை வாங்கு, கடைக்காரனிடம் எத்தனை வோல்ற் என்று கேட்டுப் பெட்டியில் எழுதியதோடு ஒத்துப்பார், மாறிக் குத்தினால் எரிந்துவிடும். பெட்டியில் மிச்சம் பிடித்தாலும் வயரில் பிடிக்காதே. அரைவாசிப் பழுது வயரில்தான் வரும். இவ்வளவும் சொன்ன பிறகு, இதில் எதையும் உன் காது ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிடு. இந்த முறை 'சரி அப்பா' என்று சொல்லாதே.

'தெரியாது சேர்' என்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எட்டு மாதமும் நினைத்தேன். விமான நிலையத்திலும் நினைத்தேன். அம்மா பக்கத்தில் நின்றாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் மேசையில் வைத்திருக்கிறேன். பின்னேரம் அவள் கோயிலால் வந்து இதைப் படித்த பிறகுதான் தபாலுக்குக் கொண்டுபோவேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. இந்த இரண்டறை வீட்டில் அவளுக்கும் எனக்கும் எழும்பிப் போக வேறு இடமில்லை, என்ன சொன்னாலும் எதிரெதிரே இருந்துதான் கேட்க வேண்டும். கேட்கிறேன். உன்னிடம் இதை முதலில் எழுதியிருக்கிறேன் என்பது மட்டும் போதும். மன்னித்தேன் என்று நீ பதில் எழுத வேண்டாம், பெட்டி வாங்கினாயா என்று எழுது.

இன்னும் ஒன்று. சும்மா நினைத்தது. ஒரு நாள் உனக்கு ஹெட்போன் இல்லாமல் வாசிக்க வேண்டும் போல இருக்கும். காசு சேர்ந்து, அம்பிளிபயர் ஒன்றும் வாங்குவாய். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவாய், பிறகு இன்னும் கொஞ்சம். அப்போது அந்த நாட்டிலும் யாராவது வந்து உன் கதவைத் தட்டலாம். நெஞ்சு ஒரு முறை நிற்கும், எனக்குத் தெரியும். பயப்படாதே, பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்கும். கதவைத் திற, சொறி என்று மன்னிப்புக் கேள், கொஞ்சம் குறைத்துவிட்டு வாசி.

அப்பா